மகனின் விளையாட்டு வீடியோவும் வாப்பாவின் கணக்கும்

ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என் கடைக்கு வந்தார். கைத்தொலைபேசியைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டினார். அவருடைய மகன் பாடசாலைக் கரப்பந்து அணியில் விளையாடுகிறான். நல்ல உயரம். வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிக்கும் காட்சி அது.

"நானா, ஒருத்தர் வந்து பேசிட்டுப் போயிருக்கார். இத நல்லா எடிட் பண்ணி அமெரிக்காவில உள்ள கொலேஜ்களுக்கு அனுப்பித் தாராராம். இப்ப ஒரு முற்பணம் வேணுமாம். ஸ்கொலர்ஷிப் கிடைச்சா அதில பத்து வீதம் கொமிஷன். குடுக்கலாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "பத்து நாள் பொறுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரித்ததில் தெரியவந்தவற்றையே இவ்வாரம் வாசகர்களுக்கும் தருகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் விளையாட்டில் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். இப்படியான ஆட்கள் நாளை உங்கள் கடைக்கும் வரலாம்.

வாங்குபவர் யார்?

எந்த வியாபாரத்திலும் முதல் கேள்வி இதுதான். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது பெரிய ஏற்பாடு. அதனை நடத்தும் அமைப்புகளில் மிகப் பெரியது என்.சி.ஏ.ஏ. 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1,000க்கும் அதிகமான கல்லூரிகள் அதில் அங்கம் வகிக்கின்றன. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான மாணவ வீரர்கள் அவற்றில் விளையாடுகிறார்கள். இதைவிடச் சிறிய என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பும், இரண்டு வருடக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற அமைப்பும் இருக்கின்றன.

என்.சி.ஏ.ஏ. கல்லூரிகள் 1973 முதல் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று பணம் கொடுப்பதில்லை. படிப்புத் திறமைக்கும் குடும்பத்தின் தேவைக்கும் உதவி உண்டு, அவ்வளவுதான். பெயர் பெற்ற ஹாவர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதலாம் பிரிவில் விளையாடினாலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. எனவே, "ஹாவர்டில் ஸ்போர்ட்ஸ் ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்தது, எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புலமைப்பரிசில் என்றவுடன் முழுச் செலவும் என்று நினைக்கிறோம். உண்மை அப்படியல்ல. 2024-25 பருவம் வரை முதலாம் பிரிவில் ஆண்கள் கரப்பந்து அணியொன்றுக்கு அனுமதிக்கப்பட்டது நான்கரைப் புலமைப்பரிசில்கள் மட்டுமே. அந்த நான்கரையைப் பயிற்றுவிப்பாளர் முழு அணிக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்குக் கால் பங்கு, இன்னொருவருக்குப் புத்தகச் செலவு என்றுதான் வரும். அதே காலத்தில் பெண்கள் கரப்பந்து அணிக்கு 12 முழுப் புலமைப்பரிசில்கள் இருந்தன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டின் பின்னர், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த எல்லை நீக்கப்பட்டு, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற எல்லை வந்தது. கரப்பந்துக்கு அது 18 பேர். அதற்காக 18 பேருக்கும் பணம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கொடுக்கலாம் என்பது வேறு, கொடுப்பார்கள் என்பது வேறு.

மீதிப் பணம் யாருடையது? வாப்பாவுடையது. அமெரிக்க மாணவர் விசாவுக்கான பத்திரத்தைக் கல்லூரி வழங்குவதற்கு முன், புலமைப்பரிசில் போக மீதிச் செலவைக் கட்டும் வசதி குடும்பத்துக்கு உண்டு என்பதை வங்கிக் கணக்கு மூலம் காட்டவேண்டும். ஆகவே முதல் வீடியோவை எடுக்கும் முன்பே, "டொலர் கணக்கில் வருடத்துக்கு எவ்வளவு என்னால் முடியும்?" என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த விளையாட்டுக்குச் சந்தை உண்டு?

நம் நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விளையாடுவது கிரிக்கெட். என்.சி.ஏ.ஏ. நடத்தும் போட்டிகளில் கிரிக்கெட் கிடையாது. எவ்வளவு அழகான வீடியோ அனுப்பினாலும் அதற்கு அங்கே புலமைப்பரிசில் தேடுவது வீண் அலைச்சல்.

உதைபந்து, கரப்பந்து, கூடைப்பந்து, டென்னிஸ், கோல்ஃப், நீச்சல், மெய்வல்லுநர் போட்டிகள் ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் இவற்றுள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஓட்டத்திலும் நீச்சலிலும் வீடியோவைவிட நேரமே பேசும். 400 மீற்றரை எத்தனை செக்கன்களில் ஓடினான், எந்தப் போட்டியில், மின்னியல் முறையில் அளந்த நேரமா என்பதைத்தான் கேட்பார்கள். நீச்சலில் இன்னொரு விடயம். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 யார் தடாகத்தில் நடக்கின்றன. நம்முடைய மீற்றர் நேரத்தை அவர்கள் யார் நேரமாக மாற்றித்தான் பார்ப்பார்கள். ஆகையால் நேரத்தை எழுதும்போது 25 மீற்றர் தடாகமா, 50 மீற்றர் தடாகமா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

உதைபந்து, கரப்பந்து, கூடைப்பந்து போன்ற அணி விளையாட்டுகளில்தான் வீடியோ உயிர்நாடி. ஆண்கள் கரப்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள், பெண்கள் அணி வைத்திருப்பவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நண்பரின் மகனுக்கு இதுவும் கவனிக்க வேண்டிய கணக்கு.

வீடியோ என்பது சாம்பிள்

முன்னைய காலத்தில் பயிற்றுவிப்பாளர்கள் நேரில் போய் ஆட்டம் பார்ப்பார்கள். முடியாதபோது பெற்றோர் வீடியோ கசற்றையும், பின்னர் டி.வி.டி.யையும் தபாலில் அனுப்பினார்கள். 2005இல் யூடியூப் வந்தது. 2006இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் ஹடல் என்ற கம்பனி தொடங்கியது. விளையாட்டு அணிகள் தங்கள் ஆட்டங்களை இணையத்தில் ஏற்றி, வெட்டி, பார்த்து ஆராய்வதற்கான வசதி அது. இன்று அமெரிக்கப் பாடசாலை வீரர்களில் பெருந்தொகையினரின் ஆட்டங்கள் அதில்தான் இருக்கின்றன. இதனால் தபாலில் கசற் அனுப்பிக் காத்திருந்த காலம் போய், கடல் கடந்த நாட்டுப் பையனின் ஆட்டத்தையும் ஒரு நிமிடத்தில் பார்க்க முடிகிறது.

கொழும்புத் தேயிலை ஏலத்துக்கு முன் கொள்வனவாளர்களுக்குச் சாம்பிள் போகிறது. ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து உடனே துப்பிவிடுவார். அந்தச் சில விநாடிகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். கல்லூரிப் பயிற்றுவிப்பாளரும் அப்படித்தான். அவருக்கு வரும் வீடியோக்கள் ஏராளம். முதல் அரை நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். ஆகவே சாம்பிளைத் தயாரிக்கும் முறையைக் கவனியுங்கள்:

1. நீளம் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை போதும்.

2. ஆரம்பத்தில் ஒரு பக்கம் எழுத்து: பெயர், பாடசாலை, விளையாடும் இடம், உயரம், எந்த வருடம் பாடசாலை முடிக்கிறார், சட்டை இலக்கம், தொடர்புக்கு மின்னஞ்சல். கரப்பந்து என்றால் நின்றபடி கை எட்டும் உயரமும், எழும்பி எட்டும் உயரமும் சென்ரிமீற்றரில்.

3. மிகச் சிறந்த காட்சி முதலில் வரவேண்டும். "கடைசியில் அசத்துவோம்" என்று வைத்தால் கடைசியை யாரும் பார்க்கப் போவதில்லை.

4. ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது பையன் எங்கே நிற்கிறான் என்பதை ஓர் அம்புக்குறி அல்லது வட்டத்தால் காட்டவேண்டும். ஒரே சட்டை போட்ட ஆறு பேரில் எவன் நம்முடையவன் என்று அவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

5. சினிமாப் பாட்டு, மெதுவாக ஓடும் காட்சி, கலர் வெளிச்சம் எதுவும் வேண்டாம். உண்மையான வேகம் தெரியவேண்டும். பாட்டைப் போட்டாலும் அவர் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

6. கெமராவை உயரமான இடத்தில் முக்காலியில் அசையாமல் வையுங்கள். கரப்பந்துக்கு மைதானத்தின் பின்கோட்டுப் பக்கமிருந்தும், உதைபந்துக்கு நடுக்கோட்டுக்கு நேரே உயரத்திலிருந்தும் எடுப்பது நல்லது. முழு மைதானமும் தெரிந்தால்தான் பந்து இல்லாத நேரத்தில் பையன் என்ன செய்கிறான் என்பது விளங்கும்.

7. அடிப்பதை மட்டும் காட்டாதீர்கள். சேர்விஸ், பந்தை ஏற்றல், தடுத்தல் எல்லாம் வரட்டும்.

8. இந்தச் சிறிய வீடியோவோடு, வெட்டாத முழு ஆட்டம் ஒன்றின் வீடியோவும் தயாராக இருக்கவேண்டும். அக்கறை வந்த பயிற்றுவிப்பாளர் அடுத்துக் கேட்பது அதைத்தான். பிழை விட்டபின் பையன் எப்படி நடந்துகொள்கிறான், சக வீரனோடு எரிந்து விழுகிறானா, தலையைத் தொங்கப் போடுகிறானா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு நல்ல கைத்தொலைபேசியும் முக்காலியும் பொறுமையும் போதும்.

யாருக்கு, எப்போது அனுப்புவது?

ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். கடையைத் திறந்து வைத்து விளம்பரப் பலகை போடாமல் உள்ளே உட்கார்ந்திருப்பது போன்றது அது. பொருத்தமான கல்லூரிகள் ஐம்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு கல்லூரி அணிக்கும் இணையத்தளம் உண்டு. அதில் பயிற்றுவிப்பாளர்களின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். சேர விரும்பும் வீரர்கள் நிரப்புவதற்கான படிவமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதற்குக் காசு இல்லை.

கடிதத்தைப் பிள்ளையே எழுதவேண்டும். வாப்பா எழுதினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சுருக்கமாக, அந்தப் பயிற்றுவிப்பாளரின் பெயரைச் சொல்லி, ஏன் அந்தக் கல்லூரி என்று ஒரு வரியும், வீடியோ இணைப்பும், பரீட்சைப் பெறுபேறும், பாடசாலைப் பயிற்றுவிப்பாளரின் தொடர்பும் இருந்தால் போதும். ஐம்பது பேருக்கும் ஒரே கடிதத்தை ஒரே தடவையில் அனுப்பாதீர்கள். கல்யாண அழைப்பிதழில் பெயர் எழுதாமல் கொடுத்தால் யார் வருவார்?

ஒரு கொப்பியில் பற்று வரவு போலக் கோடு போட்டு, அனுப்பிய திகதி, பதில் வந்த திகதி, அடுத்து என்ன என்று எழுதி வையுங்கள். புதிய வீடியோ வந்தால் மீண்டும் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டாம். முதலாம் பிரிவுக் கல்லூரிகளுக்குக் கால விதி இருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளில், அமெரிக்கக் கணக்கில் 10ஆம் தரம் முடிந்தபின் வரும் ஜூன் 15 வரை பயிற்றுவிப்பாளர் மாணவனுக்குத் தனிப்பட்ட பதில் அனுப்பக்கூடாது. மாணவன் அவருக்கு எழுதலாம், அவர் பார்க்கலாம், பதில்தான் கிடையாது. என்.ஏ.ஐ.ஏ. கல்லூரிகளில் இந்த இறுக்கம் இல்லை.

சில வேளைகளில், "எங்கள் பயிற்சி முகாமுக்கு வாருங்கள்" என்று கல்லூரியிலிருந்து அழகான அழைப்பு வரும். அவற்றில் பல ஆயிரக்கணக்கானோருக்குப் போகும் விளம்பரங்கள். முகாமுக்குக் கட்டணம் உண்டு. அதைத் தெரிவு என்று நினைத்து விமானச் சீட்டு வாங்கிவிடக் கூடாது.

புத்தகம் இல்லாமல் பந்து இல்லை

வீடியோ கதவைத் தட்டும். கதவைத் திறப்பது பரீட்சைப் பெறுபேறு. முதலாம் பிரிவில் விளையாட, 9ஆம் தரத்திலிருந்து ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி முதலிய 16 அடிப்படைப் பாடநெறிகள் வேண்டும். அவற்றில் 4 புள்ளி அளவில் குறைந்தது 2.3 சராசரி வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. சற் பரீட்சைப் புள்ளியை என்.சி.ஏ.ஏ. 2023 ஜனவரியில் கட்டாயத்திலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் சில கல்லூரிகள் தனியாகக் கேட்கலாம். ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் வெளிநாட்டு மாணவரிடம் கேட்கப்படும்.

நம்முடைய பிள்ளைகள் சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகளையும் பாடசாலை அறிக்கைகளையும் என்.சி.ஏ.ஏ. தகுதி நிலையத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். "மகன் விளையாட்டுக்காரன், கணக்குப் பாடம் எதற்கு?" என்று விட்டவர்களுக்கு இங்கேதான் கதவு மூடுகிறது. பாடசாலை முடித்தபின் இரண்டு மூன்று வருடங்களை வீணாகக் கடத்தினாலும் விளையாடும் உரிமை குறையலாம்.

பத்து வீதக் கொமிஷன்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நம் வியாபாரத்தில் கொமிஷன் சாதாரணம். தரகர் பொருளை விற்றுத் தந்தால் வீதம் கொடுக்கிறோம். ஆனால் என்.சி.ஏ.ஏ. விதி வேறு. மாணவனின் விபரத்தைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தருபவர் ஒரு குறிப்பிட்ட கட்டணம் வாங்கலாம். புலமைப்பரிசில் கிடைத்தால் இவ்வளவு என்றோ, கிடைக்கும் தொகையில் இவ்வளவு வீதம் என்றோ வாங்கக்கூடாது. அப்படி ஒப்பந்தம் செய்தால் மாணவன் விளையாடும் தகுதியே ஆபத்துக்குள்ளாகும்.

யோசித்துப் பாருங்கள். நண்பர் அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தால், போவது முற்பணம் மட்டுமல்ல. எந்தக் கதவுக்காகப் பணம் கட்டினாரோ அந்தக் கதவையே தன் கையால் மகனுக்குப் பூட்டியிருப்பார். விதி தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லிப் பயன் என்ன?

இன்னும் சில அடையாளங்கள்: "நிச்சயம் கிடைக்கும்" என்று உறுதி சொல்பவர், பற்றுச்சீட்டுத் தராதவர், எந்தக் கல்லூரிக்கு எந்த மின்னஞ்சலில் எழுதினார் என்பதைக் காட்டாதவர் ஆகிய மூவரையும் தூர வையுங்கள். அமெரிக்கக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி டொட் இடியு என்று முடியும். பயிற்றுவிப்பாளர் என்று சொல்லி வட்ஸ்அப்பில் வந்து பணம் கேட்பவர் பயிற்றுவிப்பாளர் அல்ல. அவர் பெயர் கல்லூரி இணையத்தளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அங்குள்ள முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையும் கணக்கில் வராது. எழுத்தில் கையெழுத்தான நிதியுதவி ஒப்பந்தமே செல்லும்.

போலி லேபல் ஒட்டியவர்களின் கதை

அமெரிக்காவிலும் தரகர்கள் இருந்தார்கள். றிக் சிங்கர் என்பவர் பணக்காரப் பெற்றோரிடம் பணம் வாங்கி, விளையாடவே தெரியாத பிள்ளைகளுக்கு வீரர் என்று போலி விபரம் தயாரித்துக் கொடுத்தார். சில பயிற்றுவிப்பாளர்களுக்கும் கை நிறையக் கொடுத்தார். 2019 மார்ச் 12 அன்று அரச வழக்கறிஞர்கள் இதனை அம்பலப்படுத்தினார்கள். ஆடை வடிவமைப்பு வியாபாரத்தில் பெயர் பெற்ற மொஸிமோ ஜியனூலியும் அவருடைய மனைவியான தொலைக்காட்சி நடிகை லோரி லொக்லினும் அதில் அகப்பட்டார்கள். பிள்ளைகளை உடற்பயிற்சித் துடுப்பு இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, படகோட்ட அணியினர் என்று காட்டியிருந்தார்கள். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் டொலர். 2020 ஓகஸ்டில் கணவருக்கு ஐந்து மாதமும் மனைவிக்கு இரண்டு மாதமும் சிறைத் தண்டனை கிடைத்தது. சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை வருடம்.

சூடாக்கிய மாணிக்கத்தைச் சூடாக்காதது என்று விற்றவனின் கடைக்கு இரண்டாம் முறை யார் போவார்? உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவதும், இன்னொரு பையனின் அடியைத் தன் மகனுடையது என்று காட்டுவதும், மூன்று வருடப் பழைய வீடியோவைப் புதியது என்பதும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். பையன் அங்கே போய் இறங்கும் முதல் நாளே அளவுகோலும் மைதானமும் உண்மையைச் சொல்லிவிடும். கடல் கடந்த ஊரில் தனியாக நின்று அந்த வெட்கத்தை அனுபவிப்பவன் தரகர் அல்ல, உங்கள் மகன்.

பிள்ளையின் பாதுகாப்பு

இணையத்தில் ஒரு தடவை ஏறியதை முழுமையாகத் திருப்பி எடுப்பது கடினம். ஆகையால் வீட்டு முகவரி, வீட்டுத் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதுவும் வீடியோவில் வரக்கூடாது. இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை வாப்பாவோ உம்மாவோ வைத்திருங்கள். யூடியூபில் ஏற்றினால், இணைப்புக் கிடைத்தவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். பெண் பிள்ளையின் வீடியோ என்றால் அவளுடைய சம்மதமும் தாயின் பார்வையும் இல்லாமல் ஒரு விநாடியும் ஏறக்கூடாது. ஆட்டத்தில் வரும் மற்றப் பிள்ளைகளும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மகனின் முகநூல் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். பயிற்றுவிப்பாளர் அதையும் பார்ப்பார். நடுவரைத் திட்டி எழுதிய ஒரு வரி, நூறு நல்ல அடிகளை அழித்துவிடும்.

முடிவாக

பத்தாம் நாள் நண்பர் வந்தார். விசாரித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப கொமிஷன் கடதாசி வேணாம் நானா. முக்காலி ஒண்டு வாங்குவம்" என்றார். மகனை இவ்வருடம் கணிதப் பிரத்தியேக வகுப்புக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். பையனுக்கு அமெரிக்காவில் இடம் கிடைக்குமா என்பதை நானும் சொல்ல முடியாது, அந்தத் தரகரும் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டாலும் அவன் கையில் நல்ல பெறுபேறும் அவனே எழுதிய ஐம்பது கடிதங்களின் அனுபவமும் மிஞ்சும்.

வர்த்தக நண்பர்களே, சரக்கு விற்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சரக்கு இறக்கலாம். பிள்ளை சரக்கல்ல. அவனுடைய பெயரும் வயதும் திரும்பி வராதவை. ஆகவே சாம்பிளை நேர்மையாகக் காட்டுங்கள், வாங்குபவரின் விதியைப் படியுங்கள், கையெழுத்து வைக்கும் முன் பத்து நாள் பொறுங்கள்.